சட்டத்தின் பொருளை உரைப்போர்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் திண்டிவனம் உள்ளது. புளியங்காடு என்னும் பொருளுடைய திந்திருணிவனம் என்ற பெயரே மருவித் திண்டிவனம் ஆயிற்று என்பர். அங்கிருந்து மேலும் 40 கிலோமீட்டர் அளவு சென்றால் விழுப்புரம் வரும். திருச்சி, கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களுக்குச் செல்லும் இருப்புப் பாதைகள் கூடிப் பிரியும் சந்திப்பு அது. இவ்விரு நகரங்களையும் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைகின்றன. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை விதைகளின் பெயரை உழவர் பலர் அறிவர். அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பனவே.

நிலம் உள்ள இடத்தில் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் கொடுக்கல் வாங்கலும் இருப்பது இயல்பு. பேசித் தீராதவை நீதிமன்றத்தை அடைகின்றன. மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் என்று ஆவணங்களில் எழுதப்படுவதை மக்கள் முன்சீப் கோர்ட்டு என்றே வழங்குகின்றனர். அதற்கு மேலே சார்பு நீதிமன்றமும், அதற்கு மேலே விழுப்புரத்தில் மாவட்ட நீதிமன்றமும், சென்னையில் உயர் நீதிமன்றமும், புது தில்லியில் உச்ச நீதிமன்றமும் படிப்படியாக அமைந்துள்ளன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் இவ்விரு நகரங்களும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அக்காலத்து மக்கள் மாவட்ட நீதிபதியைக் காணக் கடலூருக்குச் சென்றனர்.

இத்தனை படிகள் எதற்கு? கீழே தோற்றவர் மேலே சென்று மீண்டும் ஒரு முறை முயன்று பார்ப்பதற்காக என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மை அன்று. ஒரு வழக்கில் இருவகை வினாக்கள் எழுகின்றன. வரப்பை வெட்டியவர் யார், பத்திரத்தில் உள்ள கையொப்பம் யாருடையது, பணம் கைமாறியதா இல்லையா என்பன ஒருவகை. இவை நிகழ்ச்சி பற்றிய வினாக்கள். சாட்சியை நேரில் கண்டு, அவர் சொல்லின் உறுதியையும் தடுமாற்றத்தையும் அறியக்கூடிய நீதிபதியே இவற்றுக்கு விடை காணத் தக்கவர். ஊருக்கு அண்மையில் உள்ள நீதிமன்றத்துக்கு இதில் உள்ள வாய்ப்பு, தொலைவில் உள்ள நீதிமன்றத்துக்கு இல்லை.

சட்டத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது மற்றொரு வகை வினா. இதற்குத் திண்டிவனத்தில் ஒரு விடையும் திருநெல்வேலியில் வேறொரு விடையும் இருத்தல் ஆகாது. இருந்தால், சட்டம் ஒன்றாயினும் நீதி இரண்டாகிவிடும். ஆகவே இவ்வினாவுக்கு மேலிருந்து ஒரே விடை வரவேண்டியதாகிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணுகிறது. இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் ஆராய்வது, கருத்தில் கொள்ளத்தக்க சட்ட வினா ஏதேனும் உண்டா என்பதையே. வரப்பை வெட்டியவர் யார் என்ற பழைய கதையை அங்கே மறுபடியும் தொடங்க இயலாது. இதை அறியாமல் பொருளையும் காலத்தையும் செலவிட்டுச் சென்னை வரை நடந்தவர் பலர்.

சட்டத்தின் பொருளை உரைக்கும் உரிமை ஒரு காலத்தில் இந்திய மண்ணிலேயே இல்லை. 1833-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவே இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக விளங்கிற்று. இலண்டனில் அமர்ந்திருந்த அக்குழு, இந்தியாவுக்கு மட்டுமன்றி இலங்கை முதலிய பல நாடுகளுக்கும் பொருள் கூறியது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட பற்பல நாடுகளுக்கும் மேலாக நின்ற ஒரு நீதிமன்றம் அது. அவ்விடம் செல்வது எளியோர்க்கு எட்டாத செயல். 1838-ஆம் ஆண்டு முதல், பொதுவாக 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள வழக்குகளே அங்குச் செல்ல இயன்றது. திண்டிவனத்துச் சிறு உழவர் அக்கடலைக் கடக்க நினைத்திருக்கவே முடியாது. ஆயினும் அங்கே கூறப்பட்ட பொருள், அவருடைய பாகப்பிரிவினையையும் தீர்மானித்தது.

இலண்டன் நீதிபதிகள் தமிழ்நாட்டின் வழக்கத்தை எவ்வாறு அறிந்தனர் என்பதற்கு இராமநாதபுரம் தத்து வழக்கு ஒரு சிறந்த சான்று. சேதுபதி மரபைச் சேர்ந்த ஜமீன்தார் ஆண் மகவின்றி இறந்தார். அவருடைய மனைவியாகிய இராணி ஒரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார். தத்து எடுக்கும்படி கணவர் அனுமதி தந்து சென்றதற்கு உறுதியான சான்று இல்லை; நெருங்கிய உறவினரின் இசைவு மட்டும் இருந்தது. அத்தத்து செல்லாது என்றால் ஜமீன் அரசுக்குச் சேரும். எனவே அரசின் சார்பில் மதுரை ஆட்சியர் வழக்காடினார். தத்து செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறவே, வழக்கு இலண்டனுக்குச் சென்றது.

இந்து சமய நூல்கள் இது குறித்து ஒரே குரலில் பேசவில்லை. வங்காளத்தில் கணவரின் அனுமதி இன்றியமையாதது. மேற்கு இந்தியாவில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. தென்னாட்டு உரைநூல்கள் வேறொரு வழியைக் காட்டின. 1868-ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்த பிரிவி கவுன்சில், மிகப் பழைய மூலநூல் ஒன்றை எடுத்துத் தன் அறிவினாலேயே அதற்குப் பொருள் காண முற்படவில்லை. வழக்கு எழுந்த நாட்டில் எந்த உரை ஏற்கப்பட்டுள்ளது, அவ்விடத்து மக்களின் வழக்கம் அதற்கு இசைந்துள்ளதா என்பதை அறிவதே நீதிபதியின் கடமை என்று அது கருதியது. நிலைநாட்டப்பட்ட வழக்கம் ஏட்டில் உள்ள விதியினும் வலிமையுடையது என்றும் கூறியது. தென்னாட்டில், உறவினரின் இசைவோடு கைம்பெண் எடுத்த தத்து செல்லும் என்று முடிந்தது.

மேலே உள்ள நீதிமன்றம் கட்டளையிட, கீழே உள்ளது கைகட்டி ஏற்றுக்கொண்டது என்று மட்டும் இவ்வழக்கைக் கொள்வது பொருந்தாது. தமிழ்நாட்டின் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஆவணங்களும் உரைநூற் சான்றுகளும் இல்லையேல் இலண்டனுக்கு வழக்கம் இன்னதென்று தெரிந்திராது. பொருள் உரைத்தது ஓரிடம். அப்பொருளுக்கு வேண்டிய அறிவைத் தந்தது மற்றோரிடம். ஆனால் எல்லா வழக்குகளிலும் அந்நீதிபதிகள் இவ்வளவு பணிவுடன் நடந்தனர் என்று எண்ணுதல் தவறாகும். தொலைவும் மொழியும் பல இடங்களில் குறுக்கே நின்றன.

விடுதலைக்குப் பின் இந்நிலை நீடிக்கவில்லை. 1949-ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய வழக்குகளின் மீது பிரிவி கவுன்சிலுக்கு இருந்த அதிகாரம் முடிவுற்றது. 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தோன்றியது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 141-ஆம் உறுப்பு கூறுகிறது. திண்டிவனம் முன்சீப் கோர்ட்டும் அதில் அடங்கியதே.

மேலிருந்து வரும் விடைக்காகக் கீழ்நீதிமன்றம் எப்போதும் மேல்முறையீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. தானே வினவுவதற்கும் அதற்கு ஒரு வழி உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதனை வகுக்கிறது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி, தமக்கு ஐயமாக உள்ள சட்ட வினாவை எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். உயர் நீதிமன்றம் விடையளித்ததும், அவ்விடைக்கு இணங்க அதே நீதிபதி வழக்கை முடிப்பார். 1951-ஆம் ஆண்டில் அப்பிரிவில் மற்றொரு விதி சேர்க்கப்பட்டது. தம் முன் உள்ள வழக்கைத் தீர்ப்பதற்கு ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்வது இன்றியமையாததாக இருந்து, அது செல்லாது என்றே கீழ்நீதிபதி கருதினால், அதனைத் தாமே தள்ளிவிடுதல் கூடாது. உயர் நீதிமன்றத்துக்கு வினாவை அனுப்பியே ஆகவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 228-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றமும் அத்தகைய வழக்கைத் தன்னிடம் வரவழைத்து, சட்ட வினாவை மட்டும் தீர்த்துவிட்டு, எஞ்சியதைக் கீழ்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பலாம்.

ஏட்டில் அழகாக உள்ள இவ்வழி நடைமுறையில் அரிதாகவே மிதிக்கப்படுகிறது. சட்டத்தின் செல்லுந்தன்மையை எதிர்ப்போர் பெரும்பாலும் 226-ஆம் உறுப்பின்படி நேரே சென்னைக்குச் சென்று நீதிப்பேராணை வேண்டுகின்றனர். முன்சீப் கோர்ட்டின் வினா எழுதப்படாமலே போகிறது. இது ஓர் இழப்பு என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் சட்டம் எந்த இடத்தில் உறுத்துகிறது என்பதை அதை நாள்தோறும் கையாளும் நீதிபதியே நன்கு அறிவார்.

கீழ்நீதிபதியின் வினாவையே அடித்தளமாகக் கொண்டு ஒரு பெரிய நீதி அமைப்பு ஐரோப்பாவில் வளர்ந்திருக்கிறது. பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1957-ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பொருளை ஆறு நாடுகளின் நீதிமன்றங்களும் ஆறு விதமாகக் கூறினால் உடன்படிக்கை சிதைந்துவிடும். இந்தியாவில் உள்ளது போன்ற மேல்முறையீட்டுப் படிக்கட்டை அந்நாடுகளின் மேல் அமைப்பதற்கும் அவை உடன்படவில்லை. ஒவ்வொன்றும் தன்னாட்சி உடைய நாடு. எனவே இலக்சம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றத்துக்கு எந்த நாட்டு நீதிமன்றமும் வினா அனுப்பலாம் என்றும், மேல்முறையீடு இல்லாத இறுதி நீதிமன்றமாயின் அனுப்பியே தீரவேண்டும் என்றும் விதித்தன. விடையை இலக்சம்பர்க் கூறும். வழக்கை வினவிய நீதிமன்றமே முடிக்கும். தோற்றவர் தாமாக இலக்சம்பர்க்குக்கு மேல்முறையீடு செய்தல் இயலாது. விடை ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படையாக இருந்தால் வினவ வேண்டியதில்லை என்பது பின்னர் 1982-இல் தெளிவாக்கப்பட்டது.

இவ்வமைப்பின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது ஒரு சிறிய மின்கட்டணச் சீட்டு. 1962-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு மின்துறையை நாட்டுடைமை ஆக்கியது. மிலான் நகரில் கோஸ்தா என்னும் வழக்கறிஞர், அச்சட்டம் ரோம் உடன்படிக்கைக்கு மாறானது என்று கூறி, 1,925 லிரா கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். அது மிகச் சிறிய தொகை. வழக்கு, சிறு வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதியின் முன் வந்தது. நீதிபதிகளின் வரிசையில் கடைசிப் படியில் இருந்த அவர் இலக்சம்பர்க்குக்கு வினா எழுதினார். அவ்வாறு வினவ அவருக்கு இடமே இல்லை, தம் நாட்டுச் சட்டத்தை அவர் பின்பற்றினால் போதும் என்று இத்தாலிய அரசு வாதாடிற்று. அதே மின்துறைச் சட்டம் பற்றி 1964 மார்ச்சில் தீர்ப்புரைத்த இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றமும், உடன்படிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட உள்நாட்டுச் சட்டமே நிற்கும் என்று கூறியிருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் இலக்சம்பர்க் நீதிமன்றம் விடையளித்தது. நாடுகள் தாமே விரும்பி ஏற்ற பொதுச் சட்டத்தைப் பின்னர் ஒரு நாடு தன் சட்டத்தால் தள்ளிவிட இயலாது என்று அது உரைத்தது. மின்கட்டணத்தைச் செலுத்த வேண்டுமா என்பதைப் பற்றி அது முடிவு கூறவில்லை. அது மிலான் நீதிபதியின் வேலை. ரோமில் உள்ள அரசமைப்பு நீதிமன்றம் இதனை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்து 1984-இல்தான், பொதுச் சட்டத்துக்கு மாறான உள்நாட்டுச் சட்டத்தை இத்தாலிய நீதிபதிகள் பயன்படுத்தாமல் விடலாம் என்று அது இசைந்தது. அப்போதும், குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கு ஊறு நேருமாயின் தானே காவல் நிற்கும் என்ற உரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை. இத்தகைய பிணக்கும் இணக்கமும் கலந்தே அங்கே பொருள் வளர்ந்து வந்திருக்கிறது.

இந்தியா அத்தகைய கூட்டு நீதிமன்றம் எதற்கும் உட்பட்டதன்று. ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம் நாடுகளுக்கிடையே உள்ள வழக்குகளைக் கேட்குமேயன்றி, விழுப்புரத்துக் குடிமகன் ஒருவர் அதன் கதவைத் தட்ட இயலாது. எனினும் இந்தியா கையொப்பமிட்ட பன்னாட்டு உடன்படிக்கைகள் பல உண்டு. அவற்றை மதித்தல் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-ஆம் உறுப்பு அறிவுறுத்துகிறது. ஆனால் உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. அப்படியாயின் அதில் எழுதியது திண்டிவனத்துக்கு எவ்வாறு வந்து சேரும்?

கடனாளியின் வழக்கைக் கொண்டு இதனை அறியலாம். நிலக்கடலை பயிரிட்ட ஒருவர் கடன் வாங்குகிறார் என்று கொள்வோம். மழை பொய்த்தது, கடன் நின்றது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பாணை பெற்றார். பின்னர் நிறைவேற்று மனுப் போட்டு, கடனாளியைப் பிடித்து உரிமையியல் சிறையில் வைக்குமாறு வேண்டினார். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையாயின் மூன்று மாதம் வரை சிறையில் வைக்கலாம். பெண்களைப் பணத்துக்காக இவ்வாறு சிறைப்படுத்துதல் கூடாது என்பது விதி. சிறையிலிருக்கும் கடனாளியின் உணவுக்குரிய படியைக் கடன் கொடுத்தவரே கட்டவேண்டும் என்பதும் ஒரு விதி. குற்றம் செய்தவரன்று அவர். ஆயினும் கம்பிக்கு உள்ளே இருப்பவர்க்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை.

எப்போது சிறையில் வைக்கலாம்? சட்டத்தின் 51-ஆம் பிரிவு இதற்குச் சில நிலைமைகளை வகுக்கிறது. அவற்றுள் ஒன்று, தீர்ப்பாணைக்குப் பின் கடனாளியிடம் பணம் செலுத்தும் வழி இருக்கிறது, அல்லது இருந்தது. இருந்தும் அவர் செலுத்தவில்லை என்பது. இதில் வரும் ‘இருந்தது’ என்ற சொல்லே வினாவுக்கு உரியது. ஒரு காலத்தில் பணம் இருந்து, அதை மருத்துவத்துக்கோ மகளின் திருமணத்துக்கோ செலவிட்டு, இன்று வெறுங்கையோடு நிற்பவரையும் சிறையில் தள்ளலாமா? சொல்லை எழுத்துக்கு எழுத்துக் கொண்டால், ஆம் என்றே பொருள்படும்.

இவ்வினா கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி என்பது அதன் பெயர். 1980-ஆம் ஆண்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதினார். குடிமை உரிமைகளும் அரசியல் உரிமைகளும் பற்றி 1966-இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்பு, ஒப்பந்தப்படி செலுத்த இயலாமை என்ற ஒன்றுக்காக மட்டும் எவரையும் சிறையில் அடைத்தல் கூடாது என்று விதிக்கிறது. இந்தியா அதில் 1979-இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை நேரே உள்நாட்டுச் சட்டம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் 51-ஆம் பிரிவின் சொற்களுக்கு, உடன்படிக்கையோடும் வாழ்வுரிமையைக் காக்கும் 21-ஆம் உறுப்போடும் இசைந்த பொருளைக் கொள்ளவேண்டும் என்றது. வெறும் கடன் பாக்கி சிறைக்குக் காரணம் ஆகாது. கையில் வழி வைத்துக்கொண்டு நேர்மையின்றிச் செலுத்த மறுத்தல் என்ற குற்றமனம் காணப்பட வேண்டும்.

இங்கே உச்ச நீதிமன்றம் செய்த பிறிதொன்றும் கவனிக்கத் தக்கது. அக்கடனாளிகளிடம் பணம் உள்ளதா இல்லையா என்பதை அது தானே முடிவு செய்யவில்லை. சொல்லின் பொருளை உரைத்துவிட்டு, அவர்களுடைய இன்றைய வசதியை ஆராயும் பொறுப்பை நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. மிலான் நீதிபதியின் வினாவுக்கு இலக்சம்பர்க் விடையளித்த முறையும் இதுவும் தோற்றத்தால் வேறுபட்டவை. ஆயினும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட வகையால் ஒத்தவை.

இதே வழியில் 1997-ஆம் ஆண்டில் விசாகா வழக்கில், பணியிடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க உள்நாட்டில் தனிச் சட்டம் இல்லாத குறையை, பெண்களுக்கு எதிரான வேற்றுமையை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் துணைகொண்டு உச்ச நீதிமன்றம் நிறைவு செய்தது. 2013-ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே அதற்குச் சட்டம் இயற்றியது.

எஞ்சுவது மொழி. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்; சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. கீழ்நீதிமன்றங்களில் தமிழ் இடம் பெற்றுள்ளது. சாட்சியம் தமிழில் பதிவாகிறது. தமிழில் தீர்ப்பும் எழுதலாம். ஆகவே ஐக்கிய நாடுகளின் மன்றத்தில் ஏற்கப்பட்டு, புது தில்லியில் ஆங்கிலத்தில் உரைக்கப்பட்ட பொருளைத் தமிழில் ஒரு மனிதருக்கு விளங்கச் செய்யும் பொறுப்பு, படிக்கட்டின் கீழ்ப்படியில் உள்ள நீதிபதியைச் சார்கிறது.

திண்டிவனத்தில் இன்று ஒரு நிறைவேற்று மனு வந்தால், கடனாளிக்கு முதலில் அறிவிப்புச் செல்கிறது. கடனாளியிடம் வழி உள்ளது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். சிட்டாவும் அடங்கலும் எடுத்துக் காட்டப்படுகின்றன. நிலம் எத்தனை ஏக்கர், கிணற்றில் நீர் உண்டா, சென்ற பருவத்துக் கடலை என்ன விலைக்குப் போயிற்று, வீட்டில் கூலிக்குச் செல்வோர் எத்தனை பேர் என்று வழக்கறிஞர் கேட்கிறார். கூண்டில் நிற்பவர் தமிழில் விடை சொல்கிறார். நீதிபதி அதனைக் குறித்துக்கொள்கிறார்.